கம்பியில் குத்திய சீட்டுகள்

(மாவட்ட அளவிலான பணியிடைப் பயிற்சியின் நிறைவு நாளில், ஆசிரியர்கள் தங்கள் தனி ஆர்வங்களைப் பகிர்ந்துகொண்ட அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதிய உணவுக்குப் பிறகு பேசுவது எவ்வளவு கடினம் என்பது ஆறாம் பாடவேளையில் வகுப்பெடுக்கும் நம் அனைவருக்கும் தெரியும். அதனால் கையில் ஒரு பிஸ்கட் டப்பாவுடன் வந்திருக்கிறேன். உள்ளே பிஸ்கட் இல்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இதில் இருப்பவை எல்லாம் காகிதத் துண்டுகள். மளிகைக்கடை, பெட்டிக்கடை, டீக்கடை, ஜவுளிக்கடை, பால் டெப்போ என்று சிறு வியாபாரிகள் எழுதிக்கொடுத்த சீட்டுகள். சிலர் தபால்தலை சேர்க்கிறார்கள், சிலர் நாணயம் சேர்க்கிறார்கள். நான் சமூக அறிவியல் ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதைச் சேர்த்து வருகிறேன். வீட்டில் இதற்குக் ‘குப்பை டப்பா’ என்று பெயர்.

முதல் சீட்டைப் பாருங்கள். சிகரெட் அட்டையைக் கிழித்த துண்டு. உள்பக்க வெள்ளையில் ‘4’ என்று எழுதி வட்டமிட்டிருக்கிறது. கீழே ஒரு கிறுக்கல், கடைக்காரரின் கையெழுத்து. தேதி இல்லை, கடையின் பெயர் இல்லை, ‘ரூபாய்’ என்ற சொல்கூட இல்லை. ஆனால் அந்தத் தெருவில் இருந்தவர்களுக்கு இது 4 ரூபாய். அடுத்த தெருவில் இது சிகரெட் அட்டை.

எனக்கு இந்தப் பழக்கம் தொற்றிய கதையையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்போது பத்து வயது. அம்மா பணம் கொடுத்துக் கடைக்கு அனுப்பினார். சாமான் போக மீதி 75 பைசா. அண்ணாச்சி கல்லாவைத் துழாவிவிட்டு, “சில்லறை இல்ல தம்பி, இத வச்சுக்க, நாளைக்கு வாங்கிக்க” என்று ஒரு துண்டுச்சீட்டு கொடுத்தார். நான் அதைச் சட்டைப்பையில் போட்டேன். சட்டை துவைக்கப்போனது. கல்லில் அடித்துத் துவைத்த பிறகு பையில் எஞ்சியது ஒரு காகித உருண்டை. முதுகில் இரண்டு அடி வாங்கிக்கொண்டு மறுநாள் அழுதபடி கடைக்குப் போனேன். அண்ணாச்சி சிரித்துக்கொண்டே முக்கால் ரூபாயை எடுத்துக் கொடுத்தார். “சீட்டு எனக்கு இல்லல. நான் இல்லாதப்ப கடைல நிக்கற பையனுக்கு. எனக்குத்தான் உன்னத் தெரியுமே” என்றார்.

பட்டப்படிப்பில் பணம் என்றால் என்ன என்று பக்கம் பக்கமாகப் படித்தேன். அந்த ஒரு வரி சொன்ன அளவுக்கு எதுவும் சொல்லவில்லை. முகம் தெரிந்தால் சீட்டு தேவையில்லை. முகம் தெரியாதபோதுதான் காகிதம் வருகிறது.

டப்பாவில் இருப்பவை ஒரே வகை அல்ல. சில்லறை பாக்கிக்கான சீட்டுகள்தான் அதிகம். டீக்கடை டோக்கன்கள் கொஞ்சம் இருக்கின்றன. முன்பணம் கட்டி வாங்கிக்கொண்டு, தினம் ஒன்றாகக் கிழித்துக் கொடுப்பது. சோடா பாட்டிலுக்கு வைப்புத்தொகை வாங்கிக்கொண்டு கொடுத்த சீட்டு ஒன்று உண்டு. ஜவுளிக்கடையில் அளவு சரியில்லை என்று துணியைத் திருப்பிக் கொடுத்தால் பணம் தரமாட்டார்கள், ‘கிரெடிட் நோட்’ தருவார்கள் அல்லவா, அதில் ஏழெட்டு. ஒன்றில் ‘மூன்று மாதத்திற்குள் பொருளாக மட்டும்’ என்று ரப்பர் முத்திரை. இந்த ‘பொருளாக மட்டும்’ என்பதை மாணவர்களிடம் காட்டி, கடைக்காரர் ஏன் இப்படிப் போடுகிறார் என்று கேட்டுப் பாருங்கள். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி சொன்னாள்: “காசா குடுத்தா நாம வேற கடைக்குப் போயிருவோம்ல சார்.” வணிகவியல் ஆசிரியர் யாராவது இங்கே இருந்தால் அந்தப் பிள்ளைக்கு முழு மதிப்பெண் போடுவார் என்று நம்புகிறேன்.

இது தீபாவளிச் சீட்டு அட்டை. மாதாமாதம் பணம் கட்டினால் தீபாவளிக்குப் பலகாரமும் பட்டாசும் தருவதாக ஒரு சிறிய கடைக்காரர் அச்சிட்டுக் கொடுத்தது. பன்னிரண்டு கட்டங்கள். ஒன்பது கட்டங்களில் கையெழுத்து இருக்கிறது, மூன்று காலி. பழைய பாடப்புத்தகம் ஒன்றின் நடுவில் கிடைத்தது. கட்டியவருக்கு முடியாமல் போனதா, கடை மூடிவிட்டதா, குடும்பம் ஊரைவிட்டுப் போனதா, அட்டை சொல்லவில்லை. அந்த மூன்று காலிக் கட்டங்களை நான் அடிக்கடி பார்ப்பதுண்டு.

இந்தப் பழுப்பு உறையைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இது ஏதோ நம் ஊர் அண்ணாச்சிகளின் சிக்கன வேலை என்று நினைத்துவிட வேண்டாம். சில்லறை காணாமல் போன இடங்களில் எல்லாம் கடைக்காரர்கள் காகிதத்தைக் கையில் எடுத்திருக்கிறார்கள்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த 1862ஆம் ஆண்டு. அரசு அச்சடித்த காகித டாலரின் மதிப்பு இறங்க ஆரம்பித்ததும் மக்கள் வெள்ளிக் காசுகளைப் பதுக்கிவிட்டார்கள். ரொட்டி வாங்கினால் மீதி கொடுக்க வழியில்லை. தபால்தலையைக் கொடுத்துப் பார்த்தார்கள். அது வியர்வையில் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டது. கடைக்காரர்களும் உணவுவிடுதிக்காரர்களும் தாங்களே 5 சென்ட், 10 சென்ட் என்று சீட்டு அச்சடித்துவிட்டார்கள். மக்கள் இவற்றுக்கு வைத்த கேலிப்பெயர் ‘ஷின்பிளாஸ்டர்’. கெண்டைக்காலின் முன்புறப் புண்ணில் ஒட்டும் பிளாஸ்திரி என்று பொருள். அந்த ஆண்டு ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு டாலருக்குக் குறைந்த தனியார் சீட்டுகளைத் தடை செய்தது. தடை செய்த கையோடு, தபால்தலைப் படம் போட்ட சிறு நோட்டுகளை அரசே வெளியிட வேண்டி வந்தது. கடைக்காரர்கள் காட்டிய வழிதான்.

எனக்கு மிகவும் பிடித்தது இத்தாலிக் கதை. 1970களின் நடுவில் அங்கே கடும் சில்லறைத் தட்டுப்பாடு. கடைகளில் மீதிக்கு மிட்டாய் கொடுத்தார்கள், பொதுத் தொலைபேசியில் போடும் டோக்கனைக் கொடுத்தார்கள். நம் ஊரில் மிட்டாய் வாங்கி வளர்ந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்போம்! 1975 டிசம்பரில் டூரின் நகரத்து வங்கி ஒன்று குட்டிக் காசோலைகளை வெளியிட்டது. ‘மினியசேஞி’ என்று பெயர். 50 லிரா, 100 லிரா, 150 லிரா என்று அஞ்சலட்டையைவிடச் சிறிய தாள்கள். தனியார் பணம் அச்சடிக்கக் கூடாது என்ற சட்டத்துக்கு என்ன செய்வது? வணிகர் சங்கத்தின் பெயருக்கோ பெரிய கடையின் பெயருக்கோ காசோலை எழுதி, அவர்கள் முன்கூட்டியே பின்பக்கம் கையெழுத்திட்டதுபோல அச்சடித்துவிட்டார்கள். சட்டப்படி அது காசோலை, நடைமுறையில் சில்லறை. நாடெங்கும் பல வங்கிகள் இதைப் பின்பற்றின. அரசு நாணயச்சாலை போதுமான காசுகளைத் தந்த பிறகுதான், 1970களின் இறுதியில், இவை மறைந்தன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தத் தாள்களை மக்கள் ஆசையாகச் சேகரிக்க ஆரம்பித்தார்கள். பல தாள்கள் கசங்கிக் கிழிந்தும் போயின. ஆல்பத்தில் போனாலும் குப்பையில் போனாலும் ஒன்றுதான். அந்தத் தாளுக்குப் பணம் கேட்டு இனி யாரும் வங்கிக்கு வரப்போவதில்லை. முதல் உலகப்போர்க் காலத்திலும் அதற்குப் பிறகும் ஜெர்மானிய ஊர்கள் வெளியிட்ட ‘நோட்கெல்ட்’ என்ற அவசரப் பணத்திலும் இதே கதைதான். 1920களின் தொடக்கத்தில் அழகழகான படங்களுடன் சேகரிப்பாளர்களுக்காகவே வரிசை வரிசையாக அச்சடித்து விற்றார்கள். சேகரிப்பவன் ஒரு சீட்டை எடுத்து வைக்கும்போது வெளியிட்டவரின் கடன் ஒன்று ஓசையில்லாமல் கழிகிறது. இதை நான் வெகுகாலம் வேடிக்கையான தகவலாக மட்டும்தான் வைத்திருந்தேன்.

நம் நாட்டுக்கு வருவோம். இரண்டாம் உலகப்போரின்போது இங்கும் உலோகத் தட்டுப்பாடு, சில்லறைப் பதுக்கல். தேவைக்கு மேல் காசு சேர்த்து வைப்பது குற்றம் என்று அரசு விதி போட்டது. 1940இல் ஒரு ரூபாய்த் தாள் வந்தது. 1943இல் நடுவில் ஓட்டை போட்ட ஒரு பைசா வந்தது. செம்பை மிச்சப்படுத்தத்தான் அந்த ஓட்டை. அதைச் சிலர் வாஷராகப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மோர்வி, ஜூனாகத், பிகானேர் போன்ற சமஸ்தானங்கள் பைசா, அணா மதிப்பில் தாளில் கூப்பன்களே அடித்தன. இலங்கையில் 1942இல் வந்த 5 சத நோட்டு இன்னும் விசித்திரமானது. நடுவில் தபால்தலை போலத் துளையிட்ட கோடு. கிழித்தால் ஒரு பக்கம் 2 சதம், மறுபக்கம் 3 சதம்! பின்னம் நடத்தும் ஆசிரியர்கள் அதன் படத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டலாம். எங்கள் பள்ளிக் கணித ஆசிரியர் ஒவ்வோர் ஆண்டும் காட்டுகிறார்.

சட்டம் பற்றிக் கேள்வி வரும். பாரத ரிசர்வ் வங்கிச் சட்டம் 1934இன் 31ஆவது பிரிவு, ‘கொண்டு வருபவருக்குக் கேட்டவுடன் பணம் தருகிறேன்’ என்ற உறுதிச்சீட்டை ரிசர்வ் வங்கியும் மத்திய அரசும் தவிர வேறு யாரும் வெளியிடக் கூடாது என்கிறது. அண்ணாச்சி எழுதியது அந்த ரகம் இல்லை, அவருக்கும் உங்களுக்கும் இடையிலான ஞாபகக் குறிப்பு. இந்தப் பாடத்தை நடத்தும்போது ஒரு பத்து ரூபாய் நோட்டையும் ஒரு ரூபாய் நோட்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். பத்து ரூபாயில் ஆளுநரின் வாக்குறுதி இருக்கும். ஒரு ரூபாயில் வாக்குறுதி கிடையாது, நிதித்துறைச் செயலாளரின் கையெழுத்து மட்டும்தான். அது அரசே நேரடியாக வெளியிடுவது. மாணவர்கள் தாங்களாகவே இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும்வரை வாயைத் திறக்காமல் இருப்பதுதான் நம் வேலை. எனக்கு அது இன்னும் கைவரவில்லை.

இனி வகுப்பறை.

ஆறாம் வகுப்பில் ஒரு வாரம் கடை நடத்தினோம். ஐந்து குழுக்கள், ஐந்து கடைகள். பென்சில், அழிப்பான், புளியம்பழம், காகிதப் பூ என்று அவர்களே கொண்டுவந்த சரக்கு. காசுக்குப் பதில் புளியங்கொட்டை. வேண்டுமென்றே கொட்டைகளைக் குறைவாகக் கொடுத்தேன். இரண்டாம் நாளே சில்லறைத் தட்டுப்பாடு வந்துவிட்டது. யாரும் சொல்லித்தராமலே ஒரு குழு சீட்டு எழுத ஆரம்பித்தது. புதன்கிழமைக்குள் எல்லாக் கடைகளிலும் சீட்டு. பென்சில் கடைக்காரப் பையனுக்கு இதில் ஒரு சுகம் கண்டுவிட்டது. தன்னிடம் இருந்தது 12 பென்சில். வியாழக்கிழமை எண்ணிப் பார்த்தால் வகுப்பில் அவன் கையெழுத்திட்ட 31 பென்சில் சீட்டுகள் உலவுகின்றன. ‘ஒரு சீட்டுக்கு ஒரு பென்சில்’ என்று ஒவ்வொன்றிலும் தெளிவாக எழுதியிருக்கிறான்! செய்தி கசிந்தது. இடைவேளை மணி அடித்ததும் எல்லோரும் அவன் கடைக்கு ஓடினார்கள். முதல் 12 பேருக்குக் கிடைத்தது. மற்றவர்கள் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பு ஆசிரியை எட்டிப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை அந்தப் பையன் வீட்டிலிருந்து நான்கு பென்சில் கொண்டுவந்தான். மீதி 15 சீட்டுக்கு என்ன செய்வது என்று வகுப்பே கூடிப் பேசியது. சிலர் மன்னித்தார்கள், சிலர் மறுத்தார்கள். ஒருத்தி, “ரெண்டு சீட்டுக்கு ஒரு பென்சில்னு குடுக்கட்டும்” என்றாள். வங்கி, பணவீக்கம், திவால் எல்லாவற்றையும் அவர்கள் நடத்தி முடித்துவிட்டார்கள். நான் கரும்பலகையில் அந்தச் சொற்களை எழுதியதோடு சரி.

அந்த வாரத்தில்தான் ஒரு மாணவன் இந்த டப்பாவைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டான். “சார், பாக்கிய வாங்கினதும் கடைக்காரர் சீட்டக் கிழிச்சிருவாருல்லா? அப்ப நீங்க வச்சிருக்கறதெல்லாம் வாங்காத பாக்கியா?”

இருபது ஆண்டுகளாகச் சேகரிக்கிறவன் நான். அதுவரை இது எனக்குத் தோன்றவே இல்லை. நேர்செய்யப்பட்ட கணக்கின் சீட்டு கிழிந்துவிடுகிறது. டப்பாவுக்கு வந்து சேர்வதில் பெரும்பாலானவை நேராகாத கணக்குகள். 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாமல் போய், புதிய 2000 ரூபாய்த் தாளுக்குச் சில்லறை கிடைக்காமல் அலைந்தோமே, அப்போது ஒரு கடைக்காரர் எனக்கு 1,600 ரூபாய்க்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். என் வாழ்நாளில் கைக்கு வந்த மிகப் பெரிய சீட்டு அதுதான். அது இந்த டப்பாவில் இல்லை. நான்கு நாள் கழித்து அதைக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொண்டேன், அவர் என் கண் முன்னால் கிழித்தார். சான்றுகளில் எது தங்குகிறது, எது அழிகிறது என்று வரலாற்று ஆசிரியர்கள் கேட்க வேண்டிய கேள்வியைப் பதினொரு வயதுப் பையன் கேட்டுவிட்டான். நான் அவனைப் பாராட்டினேன். ஆனால் அந்தக் கேள்வியை நான் முழுதாகக் காதில் வாங்கவில்லை என்பது அடுத்த ஆண்டு, 2018இல் தெரிந்தது.

எங்கள் பள்ளி இருக்கும் ஊரில் ஒரு பழைய மளிகைக்கடை. கடைக்காரர் இறந்து, சில காலம் பூட்டிக் கிடந்து, அவர் மகன் இடத்தைக் காலி செய்தார். பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்ட சாமான்களில் சீட்டுகள் குத்திய கம்பி ஒன்று இருந்தது. அந்தக் கால மளிகைக்கடைகளில் பார்த்திருப்பீர்கள். அடியில் மரக்கட்டை, மேலே கொக்கி போல வளைந்த கம்பி. வீட்டிலிருந்து பிள்ளைகளிடம் ‘இன்னின்ன சாமான் கொடுத்துவிடவும், பணம் பிறகு’ என்று எழுதி அனுப்புவார்கள். கடைக்காரர் சாமானைக் கொடுத்துவிட்டுத் துண்டுச்சீட்டின் ஓரத்தில் தொகையைப் போட்டுக் கம்பியில் குத்திவைப்பார். பணம் வந்ததும் உருவிக் கிழித்துவிடுவார். அந்தக் கம்பியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட சீட்டுகள் இருந்தன, எல்லாவற்றுக்கும் நடுவில் துருப்பிடித்த ஓட்டை. பேப்பர் கடைக்காரர் எடைபோட்டுக் கொடுத்தார். எனக்குப் புதையல் கிடைத்த மாதிரி.

மறுநாளே வகுப்புக்குக் கொண்டுபோனேன். பழைய விலைகள், பழைய அளவுகள் என்று நன்றாகத்தான் போனது. ஒரு சீட்டு 1994ஆம் ஆண்டுத் தேதியிட்டது. கோடு போட்ட நோட்டுத்தாள், பென்சில் எழுத்து. அரிசி 3 கிலோ, ‘தொவரம் பருப்பு’ அரைக் கிலோ, ‘எண்ணை’ அரை லிட்டர், இன்னும் இரண்டு மூன்று. ‘கூலி வந்ததும் தந்து விடுகிறோம்’. கீழே ஒரு பெண்ணின் பெயர், தெருவின் பெயர். ஓரத்தில் சிவப்பு மையில் 86.

எழுத்து சிறு பிள்ளையின் எழுத்து என்பது பார்த்ததும் தெரிந்தது. நான் அதைக் கரும்பலகையில் அப்படியே எழுதினேன். “இப்படி எழுதினால் எத்தனை மதிப்பெண் போடலாம்?” என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. பெயரையும் வாசித்தேன். கொஞ்சம் அபூர்வமான பெயர். பின்வரிசையிலிருந்து ஒரு பையன் கத்தினான்: “சார், இது இவ ஆச்சி பேரு சார்!”

அந்தப் பிள்ளை எழுந்திருக்கவும் இல்லை, அழவும் இல்லை. குனிந்து நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவசரமாக அழித்துவிட்டு வேறு பாடத்துக்குப் போனேன். அடுத்த இரண்டு நாளும் அவள் பள்ளிக்கு வரவில்லை.

மூன்றாம் நாள் மாலை வீட்டுக்குப் போனேன். ஆச்சி திண்ணையில் உட்கார்ந்திருந்தார். வாசிக்கத் தெரியாதவர். அந்தச் சீட்டை அன்று எழுதியது அவருடைய மகன், அப்போது ஆறாம் வகுப்பு, அந்தப் பிள்ளையின் அப்பா. இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார். நான் என் தவறைச் சொன்னேன். ஆச்சி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “அந்தச் சீட்டு இருக்கா சார்?” என்று மட்டும் கேட்டார். கொடுத்தேன். பேத்தியிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். அவள் ஒவ்வொரு சாமானாக வாசித்தாள். ‘எண்ணை’ என்ற இடத்தில் என்னைப் பார்க்காமல் வாசித்தாள்.

“கட்டியாச்சுன்னுதான் நெனப்பு. அந்த வருசம் அண்ணாச்சி வீட்டுக் கல்யாணத்துக்கு நான் பதினைஞ்சு நாளு மாவு இடிச்சேன். அதுல கழிச்சிக்கிடுறேன்னாரு. கழிச்சிருந்தா கிழிச்சிருப்பாருல்லா?” என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு உள்ளே போய்ப் பணம் எடுத்துவந்தார். எண்பத்தாறு ரூபாய். “அவரு மகன் எங்க இருக்காருன்னு உங்களுக்குத் தெரியும்லா, குடுத்துருங்க.”

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேருந்து ஏறிப் போய் அண்ணாச்சியின் மகனைப் பார்த்தேன். விவரம் சொன்னதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “அப்பா கணக்குல நான் கை வைக்க முடியாது சார். அவரு கழிச்சிருப்பாரு, சீட்ட உருவ மறந்திருப்பாரு. வயசான காலத்துல அவருக்கு ஞாபகம் சரியில்ல.” பேரேடு இருக்கிறதா என்று கேட்டேன். பேரேடுகளும் அதே எடையில்தான் போயிருந்தன. பேப்பர் கடைக்குத் திரும்ப ஓடினேன். பொட்டலம் மடிக்கப் போய்விட்டது என்றார்கள்.

பணத்தைத் திரும்பக் கொடுக்கப் போனபோது ஆச்சி வாங்க மறுத்துவிட்டார். “குடுத்தது குடுத்ததுதான்.”

அந்தப் பிள்ளை மறுநாள் பள்ளிக்கு வந்தாள். வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அது சரியா, அவளுக்கு அது இன்னொரு சங்கடமா என்று எனக்கு இன்றும் தீர்மானமாகத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தனியாகக் கேட்டிருக்கலாமோ என்று தோன்றுவதுண்டு. ஆண்டு இறுதியில் தமிழ்ப் பாடக் கட்டுரைக்கு ‘எங்கள் ஊர்க் கடை’ என்ற தலைப்பை அவளே தேர்ந்தெடுத்து எழுதியதாகத் தமிழாசிரியை சொன்னார். நான் வாசிக்கக் கேட்கவில்லை.

அந்தக் கம்பியிலிருந்த மற்ற சீட்டுகளை, பெயர் தெரிந்த அளவுக்கு, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சிலர் சிரித்துக்கொண்டே கிழித்துப் போட்டார்கள். ஒருவர் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைத்தார், காலமான அவருடைய மனைவி எழுதியது என்பதால். இரண்டு பேர் வாங்கவே மறுத்து, கதவைச் சாத்தினார்கள். பதினொரு சீட்டுகளுக்கு ஆள் கிடைக்கவில்லை. அவை இதில் இருக்கின்றன. பெயரும் தெருவும் உள்ள பகுதியை மடித்து உறை போட்டிருக்கிறேன். வகுப்புக்கு அவை போவதில்லை. இப்போது மாணவர்களுக்கு நான் கொடுப்பது அவரவர் வீட்டில் கேட்டு, வீட்டார் சம்மதத்தோடு கொண்டுவரும் சீட்டுகள் மட்டும்தான். எண்ணிக்கை குறைந்துவிட்டது. ஆனால் ஒவ்வொன்றோடும் ஒரு கதை வருகிறது. பிள்ளை அதை வீட்டில் யாரிடமாவது கேட்டு வாங்கி வர வேண்டியிருக்கிறது.

சேகரிக்க விரும்புபவர்களுக்குக் கைப்பழக்கமாக ஓரிரு விஷயங்கள். செல்லோடேப் ஒட்டாதீர்கள், சில ஆண்டுகளில் மஞ்சளாகிக் காகிதத்தையும் கெடுக்கும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். விவரத்தைத் தனித்தாளில் பென்சிலால் எழுதிக் கூட வையுங்கள். இப்போது கடைகளில் இயந்திரத்திலிருந்து வரும் வழுவழுப்பான ரசீது வெப்பத்தால் அச்சாவது. வெயிலிலும் சூட்டிலும் எழுத்து மறைந்துவிடும், வாங்கிய உடனே நகல் எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியைக் காட்டிப் பணம் கொடுக்க ஆரம்பித்த பிறகு சில்லறைச் சீட்டு எழுதுபவர்களும் அருகிவிட்டார்கள். 25 பைசாவும் அதற்குக் கீழான காசுகளும் 2011 ஜூனோடு செல்லாமல் போய்விட்டன. என் 75 பைசாச் சீட்டின் கதையை மாணவர்களிடம் சொன்னால் முக்கால் ரூபாய் என்றால் என்ன என்றே முதலில் விளக்க வேண்டியிருக்கிறது. வீட்டில் பரணில் கிடக்கும் பழைய கணக்கு நோட்டுகளையும் ரேஷன் பையின் அடியில் கிடக்கும் துண்டுகளையும் எடைக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.

நேரம் ஆகிவிட்டது என்று ஒருங்கிணைப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். டப்பாவை முன்வரிசையிலிருந்து அனுப்புகிறேன். தாராளமாக எடுத்துப் பாருங்கள், திரும்ப வைத்தால் போதும். பழுப்பு உறையை மட்டும் பிரிக்க வேண்டாம். அதில் இருப்பது சீட்டு இல்லை, எண்பத்தாறு ரூபாய்.